தம்பியோடு சாப்பிடப் போன ஞாயிற்றுக்கிழமை

நான் இருந்தேன். தம்பி இருந்தான். தம்பி பெண்டாட்டி இருந்தாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் என் தோஸ்து இருந்தான், வண்டி அவனுடையது. வேறு யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அழுவார்கள்.

திங்கட்கிழமை தம்பி ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். நாக்கில் பாதியையும் தாடையில் ஒரு பக்கத்தையும் எடுத்துவிடுவார்கள். அப்புறம் மூக்கில் குழாய், குழாயில் கஞ்சி. திரும்ப எப்போது வாயால் சாப்பிடுவார் என்று தம்பி பெண்டாட்டி கேட்டாள். டாக்டரம்மா "பார்க்கலாம்" என்றார். அது எனக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்திருக்கும்.

தம்பி காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவன். விடியற்காலையில் தூக்கம் வராமல் இருக்க மாவா போடப் பழகினான். பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கசக்கிக் கன்னத்தில் அடக்கிக்கொள்வான். வருஷம் ஆக ஆக வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் டாக்டரம்மா விரலை விட்டுப் பார்த்தபோது ஒரு விரல்தான் போனது.

எங்களுக்கு ஊர் சுற்றுவது என்றால் சாப்பிடுவதுதான். கையில் காசு இருக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில் ராயபுரத்தில் வடகறி. மத்தியானம் எண்ணூர் முகத்துவாரத்தில் இறால். சாயங்காலம் பர்மாக்காரர் கடையில் கையால் பிசைந்த அத்தோ நூடுல்ஸ், கூடவே பேஜோ. அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயத்தை அடைத்து, புளித்தண்ணி விட்டுத் தருவார்கள். கடிக்கக் கூடாது. முழுசாக வாயில் போட வேண்டும். எத்தனை சாப்பிட்டோம் என்பதை நாமே சொல்ல வேண்டும். தம்பி எப்போதும் ஒன்று குறைத்துத்தான் சொல்வான். கடைக்காரருக்கும் தெரியும். விட்டுவிடுவார்.

"ஒரே ஒரு பேஜோ துன்னுட்டு வந்து படுத்துக்கிறேண்ணா. அப்பால இன்னாத்த வேணா அறுத்துக்கட்டும்" என்றான். அதற்காகத்தான் கிளம்பினோம்.

ராயபுரத்தில் இட்லியைக் குழைத்து வடகறியில் தொட்டு உள்ளே தள்ளினான். காரம் நாக்குப் புண்ணில் பட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னா நைனா, வடகறியப் பாத்து அழுவுற? நல்லாத்தான கீது" என்றான் தோஸ்து.

தம்பி சிரித்தான். சிரித்தால் பாதி உதடுதான் அசையும். தட்டைத் தோஸ்து பக்கம் தள்ளினான். "நீ துன்னு மாமு. எனக்கும் சேத்து துன்னு. நான் பாத்துகினு கீறேன்."

சாப்பிட்டோம். ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவன் நம் வாயையே பார்த்தால் சோறு இறங்காது.

திருவொற்றியூர் தாண்டி கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. முன்பெல்லாம் வண்டியை நிறுத்தி உட்காருவோமே, அந்த மணல் இல்லை. கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அலை கல்லில் மோதுகிறது. தோஸ்து நிறுத்தவில்லை.

முகத்துவாரத்தில் தார்ப்பாய்க்குக் கீழே இறால் வறுக்கும் அம்மா இருந்தது. ஆற்றில் இறங்கிக் கையால் தடவிப் பிடித்த இறாலைச் சுடச்சுட வறுத்துத் தரும். இப்போது அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து தண்ணீர் கறுத்துக் கிடந்தது.

"எறா எங்க கீது? தடவுனா சாம்பச் சேறுதான் வருது. காசிமேட்டு மீன் வறுக்கிறேன், துன்றியா?" என்றது.

"காசிமேட்டு மீனுக்கு ஐஸ் ஒடைக்கிறவனே நான்தான். அத துன்ன இம்மாந்தூரம் வரணுமாம்மா?" என்றான் தம்பி.

அந்த அம்மா சிரித்துவிட்டது. தம்பி கரையில் இறங்கினான். தண்ணீரில் கையை விட்டான். எடுத்து மோந்து பார்த்தான். லுங்கியில் துடைத்துக்கொண்டு வண்டியில் வந்து உட்கார்ந்தான். தோஸ்து வண்டியை நேராகப் பர்மாக்காரர் கடைக்கு விட்டான்.

கடைக்காரர் தூரத்திலேயே பார்த்துவிட்டார். "இன்னாபா, ஆளையே காணோம்? எளச்சிட்டியே. வூட்ல சோறு போடலயா?"

"உன் கட முட்ட துன்னு வவுறு பேஜாராயிடுச்சு நைனா" என்றான் தம்பி. விஷயத்தைச் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

முட்டையை அவனே எடுத்தான். வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. முட்டை பல்லில் இடித்தது. வெங்காயம் சட்டையில் கொட்டியது.

"யோவ், உடு. பெசஞ்சு தரேன்" என்றாள் அவன் பெண்டாட்டி.

"பெசஞ்சா அது பேஜோ இல்லடி."

திரும்பவும் திறந்தான். விரலால் உதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு அழுத்தினான். முட்டை நழுவித் தட்டில் விழுந்தது. அதில் பல் பட்ட கோடு இருந்தது. தோஸ்து வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனான். வண்டிக்கு ஒன்றும் இல்லை. என் வாயில் அப்போது ஒரு முட்டை இருந்தது. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

தம்பி பெண்டாட்டி அவன் சட்டையிலிருந்த வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். தட்டில் கிடந்த முட்டையை ஒரு பேப்பரில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் வேறு ஆட்களுக்கு அத்தோ பிசைந்துகொண்டிருந்தார். எதையும் பார்க்கவில்லை. கை கழுவிவிட்டுக் கணக்குக்கு வந்தார். நாங்கள் சொன்னோம். தம்பி பக்கம் திரும்பினார்.

"நீ எத்தினி நைனா? இன்னிக்காவது கம்மி பண்ணாம சொல்லு."

தம்பி சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"ஒண்ணு."