டென்மார்க்கின் பிளாஸ்ரிக் விமானப்படை

பொம்மை விமானம் விற்கிற வேலைக்குப் பொறுமைதான் முதல் தகுதி. கடையில் நின்று கால் கடுத்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் ஒரு சின்னக் கடை. பெட்டிக்குள் துண்டு துண்டாகக் கிடக்கும் விமானங்களை ஆட்கள் வாங்கிப்போய் வீட்டில் பசை போட்டு ஒட்டுவார்கள். அகதியாக வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. மனுசியும் மகளும் யாழ்ப்பாணத்தில். அவர்களைக் கூப்பிட மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

பால் குடித்த படை

எரிக் என்றொரு ஓய்வுபெற்ற வாத்தியார் எங்கள் நிரந்தர வாடிக்கையாளர். நடுநிலை என்று இருந்த டென்மார்க்கை இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மன்காரர் ஒரு காலைப்பொழுதுக்குள் பிடித்தது அவருக்கு இன்னும் ஆறவில்லை. பெரிய விமானப்படை இருந்திருந்தால் கதையே வேறாம். அதனால் இங்கிலாந்து விமானங்களை வாங்கி, டெனிஷ் அடையாளம் கீறி, இல்லாத படையை வீட்டில் பெருப்பித்துக்கொண்டிருந்தார்.

"பிரான்சிட்டை எவ்வளவு விமானம் இருந்தது! அவையும் தோத்தவைதானே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அவை வைன் குடிக்கிற ஆக்கள். எங்கடை பெடியள் பால் குடிச்சு வளர்ந்தவங்கள்."

சில்லு

ஒரு சனிக்கிழமை முகம் சிவக்க வந்தார். பெட்டிக்குள் விமானம் உருளுகிற ஒரு சில்லுக் குறைகிறதாம். வேறு பெட்டி தருகிறேன் என்றேன். ம்ஹூம். முதலாளி வந்து மன்னிப்புக் கேட்டபிறகும் ஆள் அடங்கவில்லை. "சில்லில்லாமல் நாட்டை எப்பிடிக் காப்பாத்துறது?"

ஒழுங்கான நாடு

என் மனு அசையவேயில்லை. கோல்டிங்கிலும் ஹ்விடோவ்ரேயிலும் இருந்த எங்கள் ஆட்களுக்கும் அதே கதைதான். உங்களில் எத்தனையோ பேர் அந்த வருசங்களில் என்னைப்போலத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து மூடியிருப்பீர்கள். எரிக்கிடம் வாய்தவறிச் சொன்னேன். "இது டென்மார்க். இஞ்சை எல்லாம் ஒழுங்கா நடக்கும்" என்றார்.

பிறகு, தமிழரின் மனுக்களை அரசாங்கத்தில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருக்கிறார்கள் என்று பேப்பர்களே எழுதின. மேசையில் விரித்துக் காட்டினேன். முழுதாக வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிடப்பிலை போட்டதையும் ஒழுங்காத்தானே போட்டிருக்கினம்."

எஞ்சின்

மனுசி கொழும்புக்கு வந்து போன் எடுத்தாள். ஊரில் பக்கத்து வீட்டு வளவில் விமானம் குண்டு போட்டதாம். மகளை அணைத்தபடி பதுங்குகுழிக்குள் கிடந்திருக்கிறாள். அடுத்தநாள் கடையில் நான் பெட்டிகளை மாறி அடுக்கியதைக் கண்டு என்ன என்று கேட்டார் எரிக். சொன்னேன். முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு அக்கறை. கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"அடுத்தமுறை கதைக்கேக்கை மறக்காமல் கேள், எஞ்சின் ஒண்டா ரெண்டா எண்டு."

கண்ணாடி அலுமாரி

கடைசியில் இருவரும் வந்து சேர்ந்தார்கள். மகளுக்கு என்னைத் தெரியவில்லை. தாய்க்குப் பின்னால் ஒளித்தாள். கடையைக் காட்டக் கூட்டிப்போனேன். கண்ணாடி அலுமாரிக்குள் எரிக் தன் படையைக் கண்காட்சிக்கு வைத்திருந்தார். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக விளக்கினார். மனுசி கனநேரம் பார்த்தாள்.

"இதெல்லாம் ஆரின்ரை வீட்டுக்கு மேலை குண்டு போடவாம்? கேளுங்கோப்பா."

"நல்ல வடிவாம்" என்று மொழிபெயர்த்தேன்.

எரிக் நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தியா? உன்ரை மனுசிக்குத்தான் விளங்குது."

அதுக்குப் பிறகு நான் மீன் வெட்டுகிற ஃபக்டரிக்கு மாறிவிட்டேன். அங்கே நாற்றம் கூட, கதை குறைவு.