மச்சான் கொடுத்த காபி

என் மச்சான் குமரேசன் காபியில் விஷம் கலந்து என்னைக் கொல்லப் பார்த்தான். போன தை மாதத்தில் ஒரு மத்தியானம் முழுக்க இதை நான் மனதார நம்பினேன். சாமி என்னை மன்னித்துவிட்டது. மச்சான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

மாரமங்கலத்தில் அவன் வீட்டில் காபி குடித்துவிட்டு எழுந்தேன். கண் இருட்டியது. உடம்பெல்லாம் குளிர்ந்த வேர்வை. நெஞ்சு படபடவென்று அடித்தது. அவன் டம்ளரைப் பார்த்தேன். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. போதாதா? முந்தின வாரம் கல்யாண வீட்டில் அவன் தலைச்சாயத்தைச் சபை நடுவே கேலி செய்தவன் நான்.

ஏற்காடு ஆஸ்பத்திரிக்கு அவனே ஜீப் ஓட்டினான். நடுவில் என் மனைவி, அதாவது அவனுடைய அக்கா. வழியெல்லாம் அவன் வாய் திறக்கவில்லை. குற்றவாளியின் மௌனம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

டாக்டரம்மாவிடம் விஷம் என்றே அடித்துச் சொன்னேன். அவர் ஷாக் என்றார். ரத்த அழுத்தம் விழுந்து, உறுப்புகளுக்கு ரத்தம் போய்ச் சேராத நிலையாம். இதயக் கோளாறு, கிருமி, ஒவ்வாமை, ரத்தப்போக்கு, எதனாலும் வரலாம். காரணம் தெரிந்தால்தான் சரியான வைத்தியமாம். சலைன் ஏறியது, பிரஷர் ஏறவில்லை. தாகத்தில் தண்ணீர் கேட்டேன், நர்ஸ் தரவில்லை. அவளும் மச்சான் ஆள்தான் என்று முடிவுகட்டினேன்.

கைகால் ஜில்லிட்டபோதுதான் உண்மையாகப் பயந்தேன். கேலியெல்லாம் வற்றிவிட்டது. மகள் முகம் வந்தது. "சேர்வராயா, இவன் வாயைத் திறக்க வை. என்ன விஷம்னாவது சொல்லட்டும்" என்று எங்கள் மலைச்சாமியிடம் அழுதேன்.

டாக்டரம்மா அவனிடம் திரும்பி, இவர் எங்காவது விழுந்தாரா, அடிபட்டதா என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

"முந்தாநேத்து மிளகு பறிக்கிற ஏணியிலருந்து விழுந்துட்டாருங்க. இடது விலாவுல கல்லு குத்திருச்சுங்க. அக்காகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சேர்வராயன் மேல சத்தியம் வாங்கிட்டாருங்க."

என் தொப்பைக்கு ஏணி ஆகாது என்று மனைவி தடுத்திருந்தாள். விஷ நினைப்பில் விழுந்ததை நானே மறந்திருந்தேன். விழுந்ததிலிருந்து இருந்த இடது தோள் வலியை வாயு என்றிருந்தேன்.

ஸ்கேனில் வயிறெல்லாம் ரத்தம். ஆம்புலன்ஸில் சேலம். ரத்தம் ஏற்றி, உடனே ஆபரேஷன்.

தன் பேரில் வாங்கிய சத்தியத்தைத் தானே உடைத்து என்னைக் காத்தது அந்தச் சாமி. இப்போது நான் கால் தடுக்கினால்கூட முதலில் மனைவியிடம் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அந்தச் சாமியைக் கூப்பிடுங்கள். என்னைப் போல் தப்பாக வேண்டினாலும் அது சரியாகவே கேட்டுக்கொள்கிறது.

கிழிந்திருந்தது என் மண்ணீரல். காபியில் இருந்தது சர்க்கரை. மச்சான் குடிக்காமல் வைத்திருந்தது சூடு ஆறட்டும் என்று.