சந்திரனுக்காக உருக்கிய ஈயம்

கல்வித் திணைக்களக் கந்தோரிலிருந்து வந்தவர் எங்கள் தலைப்பைப் படித்துவிட்டுச் சிரித்தார். மாவட்ட விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒவ்வொரு பள்ளிக்கூடமும் என்ன செய்கிறது என்று பார்க்க வந்தவர் அவர். "சந்திரனில் உலோகம் உருக்கி ஒட்டி விண்வெளி நிலையம் கட்டுதல்" என்று நான் கரும்பலகையில் பெரிதாக எழுதியிருந்தேன். அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தர விஞ்ஞானம் படித்த பெண்பிள்ளைகள் நானும் என் சிநேகிதியும்தான்.

"உங்கட பாலையூற்றில கரண்ட் வாறதே அருமை. உங்களுக்குச் சந்திரன் கேக்குதோ?" என்றார். "உப்பு விளைவிக்கிறதைப் பற்றிச் செய்யுங்கோ. தும்பு திரிக்கிறதைச் செய்யுங்கோ. இந்த இடத்துக்குப் பொருத்தமா ஏதாவது."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இன்றைக்கும் அது இறங்கவில்லை.

"சந்திரனிலயும் கரண்ட் இல்லை சேர்," என்றேன். "காஸ் சிலிண்டர் இல்லை. மண்ணெண்ணெய் இல்லை. நினைச்ச நேரம் சாமான் கொண்டுபோக ஏலாது. எங்களைவிடப் பொருத்தமான ஆக்கள் ஆர்?"

பின்னால் நின்ற எங்கள் விஞ்ஞான ரீச்சர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். வந்தவர் "வாய் மட்டும் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாய்க்காக நான் அந்தத் தலைப்பை எடுக்கவில்லை. என் அப்பா துறைமுகப் பக்கம் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவர். யுத்தத்தால், வெல்டிங்குக்குத் தேவையான காஸ் சிலிண்டர்கள் கந்தளாய்ச் சோதனைச் சாவடிக்கு இப்பால் வராமல் மாதக்கணக்கில் மறிபட்டுக் கிடக்கும். வெடித்த இரும்பைக் கம்பியால் சுற்றிக் கட்டிக்கொண்டு ஆட்கள் கடலுக்குப் போனார்கள். அந்த நாட்களில்தான் நூலகத்தில் கிடந்த ஒரு பழைய சஞ்சிகையில், சிலிண்டரே இல்லாமல் உலோகத்தை ஒட்டக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது என்று படித்தேன். படித்துவிட்டு இரண்டு நாள் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

சந்திரனின் மண்ணில் இரும்பும் அலுமினியமும் ஒட்சிசனோடு கட்டுண்டு கிடக்கின்றன. மேகம் மறைக்காத வெயில் இரண்டு கிழமை ஓயாமல் அடிக்கிறது. அந்த வெயிலைப் பெரிய குழிவாடிகளால் ஒரு புள்ளியில் குவித்தால் மண்ணையே உருக்கலாம், உலோகத்தைப் பிரிக்கலாம், மிஞ்சும் ஒட்சிசனை மனிதர் சுவாசிக்கலாம். உருகிய உலோகத்தைக் கெடுக்க அங்கே காற்று இல்லை. ஆகவே அதைக் காப்பாற்ற வேறு வாயுவும் தேவையில்லை. பூமியிலிருந்து ஒவ்வொரு தூணாக ராக்கெட்டில் ஏற்றுவதைவிட அங்கேயே செய்து மேலே அனுப்புவது லேசு, ஏனென்றால் எந்தப் பாரமும் அங்கே ஆறில் ஒரு பங்குதான்.

குழிவாடிக்கு நாங்கள் அலையவில்லை. வெள்ளைக்காரன் துறைமுகத்தில் விட்டுப்போன தூரத்துக்கு ஒளி பாய்ச்சும் கப்பல் சேர்ச் லைற் ஒன்றின் குழிவாடி சிநேகிதியின் வீட்டில் கோழிக்கூட்டுக்கு மூடியாகக் கிடந்தது. புளியும் சாம்பலும் போட்டு நாள்கணக்கில் தேய்த்தோம். முதன்முதல் வெயிலில் பிடித்தபோது எதிரே கிடந்த தேங்காய் மட்டை புகைந்து பற்றிக்கொண்டது. சிநேகிதியின் அம்மா குசினியிலிருந்து தண்ணீரோடு ஓடிவந்து இரண்டு பேரையும் ஏசினார். எங்களுக்கு ஏச்சு விழுந்ததே தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அலுமினியத்தை ஒட்டத்தான் ஆசைப்பட்டோம். பூமியின் காற்றில் அதன்மேல் ஒரு தோல் படர்ந்துவிடுகிறது, ஒட்டுவதில்லை. சந்திரனில் அந்தக் கரைச்சல் இராது. பூமியில் இருக்கும்வரை பொறுத்துக்கொள்வோம் என்று, மீன்வலையில் கட்டுகிற ஈயத் துண்டுகளை எடுத்துத் தட்டித் தகடாக்கி ஒட்டிப் பழகினோம்.

கண்காட்சி நகரத்தில், துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் நடந்தது. குழிவாடியைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனோம். ரீச்சர் தன் சைக்கிளில் கூட வந்தார். வழியில் ஆமிக்காரரின் செக்பொயின்ற் ஒன்று. எல்லாரும் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊராருக்கு ஒரு மறுமொழி மனப்பாடம். பையில் என்ன? ஒண்டுமில்லை. பெட்டியில் என்ன? ஒண்டுமில்லை. உள்ளே அரிசி இருக்கும், மருந்து இருக்கும், கலியாணச் சேலை இருக்கும், ஆனாலும் ஒண்டுமில்லைதான். என் சிநேகிதியும் அதையே சொன்னாள்.

அங்கே நின்ற அதிகாரிக்குக் கொச்சையாகத் தமிழ் வரும்.

"ஒண்டும் இல்லையா? அப்ப இங்க வை. போ."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கைத்தோல் உரியத் தேய்த்த சாமானை நாங்களே ஒண்டுமில்லை என்று சொல்வதா?

"இது வெயிலால உலோகம் உருக்கிற சாமான் சேர்," என்றேன். "கண்காட்சிக்குக் கொண்டுபோறம்."

"உருக்குமா? எங்க, காட்டு."

வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. சிநேகிதி குழிவாடியைத் தூக்கிப் பிடித்தாள். நான் குறட்டால் இரண்டு ஈயத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தேன். ரீச்சர் உதவி செய்கிறவர்போலக் கிட்ட வந்து குனிந்தார்.

"கொஞ்சம் சரிச்சுப் பிடியுங்கோ பிள்ளையள்," என்றார் மெதுவாக. "உருகாட்டிச் சிரிச்சுப்போட்டு விட்டிடுவான். உருகினாப் பறிச்சு வைச்சிடுவான்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. உருகாவிட்டால் அது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான். உருகினால் ஆபத்தான ஆயுதம். ஒரு விரல் சரித்தால் போதும், கண்காட்சிக்குக் குழிவாடியோடு போய்விடலாம்.

சிநேகிதி என்னைப் பார்த்தாள். நான் குறட்டை அசைக்கவில்லை. அவளும் கையை அசைக்கவில்லை.

ஈயம் முதலில் மினுங்கியது. பிறகு ஓரம் வழிந்தது. இரண்டு தகடும் எது எதென்று தெரியாமல் ஒன்றாகின. காவலில் நின்றவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஒருவன் ஆசையோடு விரலை நீட்டிச் சுட்டுக்கொண்டான். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. குழிவாடியை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொன்னார். ரீச்சர் கெஞ்சிப் பார்த்தார். நான் கெஞ்சவில்லை.

ஒட்டிய ஈயத்தோடு மட்டும் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். "உங்கட பிடிவாதத்துக்கு ஒரு அளவில்லை," என்று ரீச்சர் வாசலில் வைத்துச் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்தார். அவர் அழுதார் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அந்தக் கந்தோர் மனுசனுக்கு முன்னால் அழுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கந்தோரிலிருந்து வந்து சிரித்தாரே, நடுவரும் அவர்தான்.

எங்களுக்குத் தந்த மேசையில் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் அந்த ஒட்டிய ஈயத்தை மட்டும் வைத்தோம். பக்கத்து மேசைகளில் உப்பளம் இருந்தது, மண்ணாலே செய்த எரிமலை இருந்தது, சுழலாத காற்றாலை ஒன்றும் இருந்தது. பரிசு எங்களுக்குக் கிடைக்கவில்லை. எரிமலைக்குக் கொடுத்தார்கள்.

அதற்கு முன், புள்ளி போடுகையில், நடுவர் எங்கள் மேசைக்கு வந்து ஈயத்தைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

"இதை வெயிலாலதான் ஒட்டினதெண்டு என்ன அத்தாட்சி? செய்து காட்டாமல் புள்ளி போட ஏலாது, பிள்ளை. உங்கட கருவி எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் சிநேகிதி முன்னால் வந்தாள். பெரியாக்களுக்கு எதிரில் அதுவரை ஒரு சொல் நிமிர்ந்து பேசியவள் அல்ல.

"செக்பொயின்ற்றில இருக்கு சேர்," என்றாள். "இங்க இருக்கிற எல்லாச் சாமானும் அந்த வழியாலதான் வந்தது. எல்லாத்தையும் பாத்துப்போட்டு விட்டிட்டினம். எங்கட சாமான் ஒண்டைத்தான், வேலை செய்யுமெண்டு நம்பி வைச்சிருக்கினம்."