துல்லியமான எறும்புகள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஊர் வைத்த பெயர் எட்டுக்கால். வாரமெல்லாம் பிறர் மூக்கில் கண்ணாடியை மாட்டி, "இப்ப தெளிவா தெரியுதா?" என்று கேட்பார். விடுமுறையில் ஊருக்கு வெளியே காட்டுப்பாதையில் குப்புறப் படுத்து, சிலந்திகளின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவார். மனைவியின் மூக்கு மங்கியிருக்கிறது என்று கல்யாண ஆல்பத்தின் ஒரு பக்கத்தையே கிழித்தெறிந்த மகான். மங்கல் என்பது அவருக்கு ஒழுக்கக்கேடு.

அந்தப் பாதையை அழித்துச் சாலை போட ஏற்பாடாகியிருந்தது; சாலைக் குழுவின் கையெழுத்துதான் பாக்கி. அங்கே ஓர் இலையடியில், கடுகளவு நீலச் சிலந்தியொன்று முட்டைப்பையை அணைத்தபடி கிடந்ததை அவர்தான் முதலில் பார்த்தார். அவர் எடுத்த படத்தைக் கேமராத் திரையில் கண்ட சிலந்தி ஆய்வாளர் அம்மா, அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சார், இப்படி ஒண்ணு இருக்கிறதே யாருக்கும் தெரியாது. முட்டையோட இந்த ஒரு படம் போதும், ரோட்டை நிறுத்திடலாம். இன்னிக்கே அனுப்பிடுங்க."

"இதையா? ஒரு கண்ணு மங்கலா இருக்கே மேடம்!"

"அதான் இன்னும் ஏழு கண்ணு இருக்கே சார், அனுப்புங்க."

வீட்டுக்கு வந்ததும் படத்தை அழித்தார். மங்கிய படத்தோடு ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்த அவரால் ஆகாது. நாளைக்குத் துல்லியமாக எடுத்துக்கொள்ளலாமே!

மறுநாள் காற்று இலையை ஆட்டியது, சிலந்தி ஓடியது. இதற்கு, பூச்சிப் படமெடுக்கும் அவருடைய கூட்டாளிகளிடம் ஒரு வைத்தியம் உண்டு. சபையில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், வீட்டில் எல்லோரும் செய்வார்கள். பூச்சியை டப்பியில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால், விறைத்துப்போய், ஸ்டுடியோவுக்கு வந்த மாப்பிள்ளைபோல ஆடாமல் அசையாமல் இருக்கும். முட்டைப்பையை இலையிலேயே விட்டுத் தாயை மட்டும் பிடித்துவந்தார்.

"ஏங்க, பாலுக்குப் பக்கத்துல என்னங்க அது?" என்றாள் மனைவி.

"ஒரு அம்மா."

"கர்மம்! அப்ப அதோட புள்ளைங்கள யாரு பாத்துக்கிறா?"

"கொஞ்ச நேரந்தான். உன் வேலையைப் பாரு."

திரும்பிப் போனபோது இலையில் எறும்புகள் சாரி சாரியாக ஏறியிருந்தன. பை கிழிந்து, முட்டைகள் ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்தன. பதறிப்போய் டப்பியைத் திறந்து, காப்பாற்றட்டும் என்று தாயை நடுவில் இறக்கிவிட்டார். அதற்குக் காலைத் தூக்கவும் திராணியில்லை. எறும்புகள் அதையும் பிய்த்துப் பங்கிட்டுக்கொண்டன. அப்போது பார்த்துக் காற்று நின்றது. பழகிய விரல், பொத்தானை அழுத்திவிட்டது.

அதன்பின் ஆய்வாளர் இலை இலையாகப் புரட்டியும் இன்னொன்று அகப்படவில்லை. சாலைக் குழுவின் முன் வைக்க மிஞ்சியது அந்த எறும்புப் படந்தான். கடைக்காரரும் பின்னால் கைகட்டி நின்றார்.

"இது எறும்புதானேம்மா?" என்றார் குழுத்தலைவர்.

"அது வாயில இருக்கிறதைப் பாருங்க சார்."

"ஒரு காலு தெரியுது. யாரு காலுன்னு நான் என்னத்தைக் கண்டேன்? எறும்புக்காக ரோட்டை நிறுத்துனா ஊரே சிரிக்கும்." பேசிக்கொண்டே அனுமதியில் கையெழுத்திட்டார். பேனாவை மூடியவர் படத்தை மறுபடியும் கையில் எடுத்தார். "ஆனா படம் பிரமாதங்க! மீசை மயிரைக்கூட எண்ணிடலாம் போலிருக்கே. யாரு எடுத்தது?"

"நான்தான் சார்," என்று ஓரடி முன்னால் வந்தார் கடைக்காரர். "ரொம்ப தேங்க்ஸ் சார்."