க்ளைவ் ஹெப்வொர்த் வாயைத் திறக்காத சனிக்கிழமை

எங்கள் ஊர் தார்ன்பியில் க்ளைவ் ஹெப்வொர்த்திடம் போய் அபிப்பிராயம் கேட்கிறவர் ஒன்று வெளியூர்க்காரராக இருக்க வேண்டும், இல்லை புத்தி பிசகியவராக இருக்க வேண்டும். அறுபத்து மூன்று வயது, குழாய் வேலை, முப்பத்தைந்து வருஷமாக எனக்குப் பக்கத்து வீடு. சர்ச் விழாவுக்கென்று நான் முதன்முதலாகச் சுட்ட ஸ்கோன் என்ற குட்டி ரொட்டி ஒன்றை வாங்கிக் கடித்துவிட்டு, இதை ஒழுகுகிற குழாய்க்கு வைத்து அடைக்கலாம் ஹேசல், அவ்வளவு கெட்டி என்றார். ஒரு மாசம் அவர் முகத்திலேயே விழிக்கவில்லை நான். ஆனால் எங்கள் வீட்டு பாய்லர் நின்றுபோனபோது புதுசுதான் போட வேண்டும் என்று இரண்டு கம்பெனிக்காரர்கள் ஒற்றைக்காலில் நிற்க, இவர் வந்து பார்த்து, ஒரு வாஷரை மாற்றிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அந்த பாய்லர் இன்னும் ஓடுகிறது. மனிதருக்குப் பொய் வராது, அவ்வளவுதான் விஷயம்.

அந்த வாய் அவருக்கு என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்யாண விருந்துகளில் பெண்ணின் அப்பா எழுந்து நின்று மாப்பிள்ளையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசியாக வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன்னால், க்ளைவின் ஒரே மகள் கெர்ரியின் கல்யாணத்தில், அவர் மனைவி ஜீனெட் எல்லாவற்றையும் அழகாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். க்ளைவ் எழுந்தார். தாளைப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“டீன் எங்க வேலை பாக்குறான்னு என்கிட்ட மூணு தடவை சொல்லியிருக்கான். மூணும் வேற வேற. என் பொண்ணுகிட்டயாவது ஒரே மாதிரி சொல்லுவான்னு நம்புறேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கூடாரத்தில் நூற்றிருபது பேர். எனக்கு மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது. பதினாலே மாசத்தில் அந்த டீன் வேறொருத்தியோடு போய்விட்டான். அப்பா சொன்னது சரியாகப் போயிற்றே, அதைத்தான் கெர்ரியால் தாங்க முடியவில்லை. தப்பாகப் போயிருந்தால்கூட மன்னித்திருப்பாள். லீட்ஸ் நகரத்துக்குப் போய் வேலை தேடிக்கொண்டாள். அம்மாவிடம் போனில் பேசுவாள், அப்பாவுக்குக் கிறிஸ்துமஸ் கார்டு வரும், அதில் வெறும் பெயர் மட்டும் இருக்கும். ஜோயல் என்று ஒருவனோடு சேர்ந்திருக்கிறாள், குழந்தை பிறந்திருக்கிறது, பெயர் நெல் என்பதெல்லாம் க்ளைவுக்கு ஜீனெட் சொல்லித்தான் தெரியும். குழந்தைக்கு ஏழு மாசம் ஆகியும் கண்ணால் பார்க்கவில்லை.

போன ஆகஸ்டில் கெர்ரி தானாகவே போன் செய்தாள். ஊர்த் திருவிழாச் சனிக்கிழமை மூன்று பேரும் வருகிறோம் என்றாள். ஒரு நிபந்தனை. ஜோயலைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை சொன்னாலும் அந்த நிமிஷமே காரைக் கிளப்பிவிடுவோம், அதற்கப்புறம் நெல்லை அவர் பார்க்கவே முடியாது.

வேலிக்கு மேல் எட்டி ஜீனெட் இதை என்னிடம் சொன்னாள். புருஷனுக்கு அன்றிலிருந்தே பாடம் ஆரம்பித்துவிட்டாள். மூன்று வாக்கியம்தான் அனுமதி: வாங்க, ரோடு எப்படி இருந்தது, டீ குடிக்கிறீர்களா. அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது. க்ளைவ் சரி சரி என்று தலையாட்டினார். அந்த வாரம் பூராவும் அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. வெட்டின வேலியையே மறுபடி வெட்டினார். குழந்தை விளையாட ஒரு ரப்பர் நீச்சல் தொட்டி வாங்கி, மூச்சு முட்ட ஊதி, புல்லில் வைத்துப் பார்த்தார். ஏழு மாசக் குழந்தைக்கு இது ஜாஸ்தி என்று தோன்றியிருக்க வேண்டும், காற்றைப் பிடுங்கிவிட்டு மடித்து வைத்தார். வெள்ளிக்கிழமை என்னிடம் வந்து, “ஹேசல், எனக்கு பயமா இருக்கு” என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

மூன்று வாரமாகக் கொட்டித் தீர்த்த மழை சனிக்கிழமை பார்த்து விட்டிருந்தது. நல்ல வெயில். பத்து மணிக்கே ஊரில் பாதிப் பேர் அரைக்கால்சட்டையோடு தோள் சிவந்து திரிந்தார்கள். எங்கள் திருவிழாவும் பக்கத்து ஊர் ஸ்கார்வில்லோடு ஆடும் வருஷாந்தரக் கிரிக்கெட்டும் ஒரே மைதானத்தில், ஒரே நாளில். எல்லைக்கோட்டுக்கு வெளியே கேக் கடை, நாய்ப் போட்டி, காற்றடைத்த கோட்டை, பாதிரியார் கையில் ஒலிபெருக்கி. கோட்டுக்கு உள்ளே ஆட்டம். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் என்று வருஷா வருஷம் எல்லோரும் புலம்புவார்கள். மாற்ற மட்டும் மாட்டார்கள்.

கார் வந்து நின்றது. கெர்ரி இடுப்பில் குழந்தையோடு இறங்கினாள். ஜோயல் ஒல்லியாக, நெடுநெடுவென்று, பள்ளிக்கூட வாத்தியாருக்கு உரிய களைப்பான முகம். க்ளைவ் வாங்க என்றார். ரோடு எப்படி இருந்தது என்றார். டீ குடிக்கிறீர்களா என்றார். மூன்றும் தீர்ந்துவிட்டது, மனிதர் திருதிருவென்று முழித்தார். குழந்தைப் பக்கம் பாதி நீண்ட கை, கெர்ரி நகரவே இல்லை என்று கண்டதும் கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது. ஜோயலும் ஏதோ சொல்ல வாயெடுத்து, கெர்ரி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். இரண்டு ஆண்களும் எதிரெதிரே நின்று வானிலை அறிக்கை கேட்பவர்கள் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதற்குள் எங்கள் அணிக்கு ஓர் ஆள் குறைந்தது. ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்பெயினுக்கு உல்லாசப் பயணம் போயிருந்தான். கேப்டன் ஓடிவந்து, தம்பிக்கு மட்டை பிடிக்கத் தெரியுமா என்று ஜோயலைக் கேட்டார். கொஞ்சம் தெரியும் என்றான்.

ஸ்கார்வில் முதலில் ஆடி நூற்று அறுபத்திரண்டு அடித்தது. டீக்குப் பிறகு நாங்கள் ஆடினோம். எனக்கு ஸ்கோர் புத்தகம் எழுதுகிற வேலை. பக்கத்து நாற்காலியில் ஜீனெட், அவளுக்கு அடுத்து குழந்தையோடு கெர்ரி. எங்கள் மட்டத்து ஆட்டத்துக்கு அம்பயர் என்று தனியாக யாரும் வருவதில்லை. மட்டை பிடிக்கிற அணியில் அவுட்டாகி வந்தவர்கள்தான் மாறி மாறி வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். க்ளைவும் எங்கள் அணியில் ஆடுகிறவர்தான். இரண்டு ரன்னில் அவுட்டாகி, வழக்கம்போல் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் நின்றார். எங்கள் ஆட்களை இவர் கைதூக்கி அனுப்பிய மாதிரி எதிரணிக்காரன் அம்பயராக நின்றால்கூட அனுப்பமாட்டான். சொந்த மைத்துனனை இரண்டு தடவை அனுப்பியிருக்கிறார்.

அடுத்து இறங்கியவன் ஜோயல். ஜீனெட் என் மணிக்கட்டைப் பிடித்தாள். க்ளைவும் பதறிப்போய், வேறு யாராவது வந்து நில்லுங்கள் என்று பெவிலியனைப் பார்த்துக் கையைக் காட்டினார். நம் ஆட்கள் எங்கே, எல்லோரும் பீர் கூடாரத்தில். ஒருத்தன் பதிலுக்குக் கோப்பையைத் தூக்கிக் காட்டினான், பாவி. அவர் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று.

கொஞ்சம் தெரியும் என்றவன் என்ன ஆட்டம் ஆடினான் தெரியுமா. எதிர் முனையில் ஆட்கள் மளமளவென்று விழ, இவன் பாட்டுக்கு ஆடினான். கடைசி ஜோடி. ஜெயிக்க நாலே ரன். ஜோயல் நாற்பத்தாறு. ஆறு வருஷமாக ஸ்கார்வில்லிடம் அடி வாங்கும் ஊர் கேக் தட்டோடு எல்லைக்கோட்டருகே வந்து நின்றுவிட்டது.

க்ளைவ் நின்ற பக்கமிருந்து பந்து வந்தது. ஜோயல் மட்டையை வீசினான். அதே கணம் பாதிரியாரின் ஒலிபெருக்கி அலறியது, பழுப்பு நாயின் சொந்தக்காரர் உடனே கேக் கடைக்கு வரவும் என்று. விக்கெட் கீப்பர் பந்தைப் பிடித்து வானத்தைப் பார்த்து எறிந்தான். ஸ்கார்வில்லின் பதினோரு பேரும் கையை உயர்த்திக்கொண்டு க்ளைவைப் பார்த்துக் கத்தினார்கள்.

மட்டையில் பட்டதா, படவில்லையா. எனக்குக் கேட்கவில்லை. அங்கே எவனுக்கும் நாய் அறிவிப்பைத் தவிர எதுவும் கேட்டிருக்காது. க்ளைவ் ஜோயலைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம், கெர்ரி உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். வெயிலில் அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தலையை இல்லை என்று அசைத்தார். நாட் அவுட்.

ஸ்கார்வில் கேப்டன் நெவில், கறிக்கடைக்காரன், அவனுக்குக் குரல் ஒன்றும் சின்னதில்லை. மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

“பரவாயில்லப்பா. மருமகன்னா காது கேக்காதுதான். க்ளைவும் மனுஷன்தானே.”

சிரித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். முரடன், பேசத் தெரியாதவன், பிழைக்கத் தெரியாதவன் என்று அவரை எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். பொய்யன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றுதானே பாடம். பக்கத்தில் கெர்ரி எழுந்துவிட்டாள். போயிற்று, எல்லாம் போயிற்று என்று ஜீனெட் முணுமுணுத்தாள். என் கை மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கினாள்.

ஜோயல் அதுவரை குனிந்து மட்டையால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து ஒரு தடவை க்ளைவைப் பார்த்தான். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே பெவிலியனைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.

மைதானத்தில் யாருக்கும் உடனே புரியவில்லை. டேய், நில்லுடா, அம்பயரே நாட் அவுட் சொல்லிட்டாருடா என்று எங்கள் கேப்டன் கத்தினார். ஜோயல் நிற்கவில்லை. நெவிலைத் தாண்டும்போது, பட்டுது, ஓரத்துல உரசிட்டுப் போச்சு, மைக் சத்தத்துல அவருக்குக் கேட்டிருக்காது என்று மட்டும் சொன்னான். நெவில் தொப்பியைக் கழற்றிவிட்டுக் க்ளைவிடம் போய் மன்னிப்புக் கேட்டதை நானே பார்த்தேன். க்ளைவ் விரலை உயர்த்தி எனக்கு அவுட் என்று சைகை காட்டினார். நான் எழுதினேன். மூன்று ரன்னில் தோற்றோம், ஏழாவது வருஷமாக.

கெர்ரி குழந்தையை அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று மைதானத்துக்குள் நடந்தாள். கார் இருந்தது எதிர்ப்பக்கம், அதனால் எங்களுக்கு உயிர் கொஞ்சம் திரும்பியது. நானும் ஜீனெட்டும் பின்னாலேயே ஓடினோம். எனக்கு இந்த வயதில் ஓட்டம் வேறு.

“உன்கிட்ட என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்?” என்று ஜோயலைக் கேட்டாள்.

“எங்கப்பா முன்னாடி உன் வாயைத் திறக்காதேன்னு சொன்ன.”

“அப்புறம்?”

“உங்கப்பாகிட்ட வாயைத் திறக்கலையே. நடந்துதானே வந்தேன்.”

ஜீனெட்டும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இவனுக்கும் பாடமா. அப்புறம்தான் தெரிந்தது, கெர்ரியின் மேலதிகாரி வீட்டு விருந்தில் உட்கார்ந்துகொண்டு, கோழி உள்ளே வேகவில்லை என்று சொன்ன மகான் இவன்.

கெர்ரி அப்பாவின் பக்கம் திரும்பினாள். “உங்களுக்கு நிஜமாவே கேக்கலையா?”

க்ளைவ் ஜீனெட்டைப் பார்த்தார். அனுமதித்த மூன்றில் இதற்குப் பதில் இல்லை. ஜீனெட் சொல்லு என்று தலையாட்டினாள்.

“கேக்கலை. கேட்டிருந்தா கையைத் தூக்கியிருப்பேன். நீ என் மூஞ்சிலயே முழிக்கலைன்னாலும் தூக்கியிருப்பேன், கெர்ரி. அதுக்குத்தான் பயந்துட்டு நின்னேன்.”

“தெரியும்ப்பா” என்றாள். ஜீனெட் பக்கம் திரும்பினாள். “அம்மா, ஊர்ல இத்தனை ஆம்பளைங்க இருக்காங்க. உங்க கண்ணுலயே படாத தூரத்துக்குப் போய், தேடித் தேடி, கடைசில நான் அப்பாவையே புடிச்சுட்டு வந்திருக்கேன் பாரேன்.”

சொல்லிவிட்டுக் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். கொடுத்தாள் என்ன, திணித்தாள். க்ளைவ் நெல்லைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். அவளும் அவரைப் பார்த்தாள். அவர் வாய் மெல்லத் திறந்தது. ஜீனெட் க்ளைவ், க்ளைவ் என்று அடித்தொண்டையில் எச்சரித்துப் பார்த்தாள்.

“காது ரொம்பப் பெருசா இருக்கே” என்றார்.

ஜோயல் மெதுவாக, “நானும் அதான் சொன்னேன். பிறந்த அன்னிக்கே சொன்னேன். ஆஸ்பத்திரியில எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க” என்றான்.

கெர்ரி சிரிக்க ஆரம்பித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஐந்து வருஷமாயிற்று. சிரித்துக்கொண்டே அப்பாவின் வெள்ளைக் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஜீனெட் அப்போதுதான் என் கையை விட்டாள். க்ளைவுக்குக் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது. துடைத்துக்கொள்ள வழியில்லை, இரண்டு கையாலும் குழந்தையைப் பிடித்திருந்தார். கெர்ரிதான் தன் தோளில் கிடந்த பால் துணியை எடுத்து, இப்படிக் குனியுங்கப்பா என்று சொல்லி, அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.