சூடு தெரியாத கால்

கொடைக்கானலில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவனுக்குப் பசியே தெரியாது என்பார்கள். சுத்தப் பொய். பசி நன்றாகவே தெரியும், சாப்பிடத்தான் நேரம் கிடைக்காது. போட்டோ எடுக்கிறேன் என்று பைன் காட்டுக்குள் போன பார்ட்டி எப்போது திரும்பும் என்று அந்தப் பார்ட்டிக்கே தெரியாது. ஆனால் டீக்கு மட்டும் குறைவில்லை. எந்த வியூ பாயிண்டில் நிறுத்தினாலும் கடைக்காரர் டிரைவருக்கு ஒரு டீ நீட்டிவிடுவார், காசு வாங்க மாட்டார், சீனியும் தூக்கலாக இருக்கும். வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால், இவன் பார்ட்டியை வேறு கடைக்குக் கூட்டிப் போகப் போகிறான் என்று அர்த்தமாகிவிடும். அந்த முகச் சுளிப்புக்குப் பயந்து இருபத்திரண்டு வருஷம் டீ குடித்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை என்றார்கள். டாக்டர் மாத்திரை எழுதினார், போட்டுவிட்டு அரை மணி நேரத்தில் சாப்பிட வேண்டும் என்றார். முதல் வாரமே பெருமாள்மலைக்குக் கீழே டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன். சாப்பாடு தள்ளிப்போய், கை நடுங்கி, அந்தக் குளிரிலும் வேர்த்துக் கொட்டியது. வண்டியை ஓரங்கட்டி, பின் சீட்டுக் குழந்தையிடம் சாக்லேட் கேட்டு வாங்கித் தின்றேன். அதன்பிறகு, ட்ரிப் உள்ள நாளில் மாத்திரை கிடையாது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ட்ரிப் இல்லாத நாள் என்று ஒன்று எங்கே இருந்தது? முன்பு ஏப்ரல், மே மாதங்கள்தான் சீசன். இப்போது சனி, ஞாயிறு வந்தாலே சீசன். வேறு மாத்திரை உண்டா என்று டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்கப் போக ஒரு அரை நாள் வேண்டுமே என்று அதையும் விட்டேன்.

மலை ஏறும் பார்ட்டிகளிடம் மட்டும், "வெறும் வயித்தோட வராதீங்க சார், நேரத்துக்குச் சாப்பிட்டுருங்க" என்று ஓயாமல் சொல்வேன். ஊருக்குத்தான் உபதேசம்.

என் மனைவி கிளாவரை என்கிற மலைக்கிராமத்தில் பூண்டு பயிர் போடுகிற வீட்டில் பிறந்தவள். எதையும் இரண்டு தடவை சொல்ல மாட்டாள். கால் மரத்துப் போகிறது என்று நான் சொன்னபோது, "வண்டில சின்னச் சத்தம் கேட்டாலும் அன்னைக்கே மெக்கானிக்கத் தேடி ஓடுறீங்க. இது ஒங்க காலுங்க" என்றாள். குளிரில் எல்லாருக்கும் மரக்கத்தான் செய்யும் என்றேன். இந்த ஊரில் கால் மரக்காத ஆள் யார்?

போன சித்திரையில், மலைக்குக் கீழே அய்யம்பாளையத்தில் அவள் தங்கை வீட்டு விசேஷம். உச்சி வெயிலில் கோயிலுக்குப் போனோம். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கல் பாவிய பிரகாரத்தில் நடந்தால் ஆளாளுக்குக் கொக்கு மாதிரி ஒற்றைக் கால் மாற்றிக் குதிக்கிறார்கள். நான் சிவனே என்று நின்று சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன். சகலைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"அண்ணே, அடுத்த வருசம் நீங்க பூக்குழி எறங்கித் தீயவே மிதிக்கலாம். ஆத்தா ஒங்க கால்ல வந்து நிக்கிறா" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கீழ்நாட்டு வெயிலில் நிற்கும்போதுமா குளிர் என்று அவள் கண் கேட்டது. மலைக்குளிர் எலும்பில் ஏறிவிட்டால் சீக்கிரம் இறங்காது என்று, அவள் வாயைத் திறக்கும் முன்பே நான் பதில் சொன்னேன். சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்றும் சொன்னேன்.

மார்கழி வந்தது. அரையாண்டு லீவு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று ஸ்டாண்டில் வண்டி நிற்க நேரமில்லை. புல்லில் உறைபனி விழும் நாட்கள் அவை. வெள்ளனே ஸ்டாண்டுக்கு வருகிற டிரைவர்கள் அட்டைப் பெட்டிகளைக் கொளுத்திக் குளிர் காய்வோம். நானும் ஷூவோடு வலது காலை நெருப்புப் பக்கம் நீட்டியபடி பேசிக்கொண்டிருந்தேன்.

"என்னமோ ரப்பர் தீயுற நாத்தம் அடிக்கிதே" என்றார் ஒருவர்.

குனிந்து பார்த்தால் என் ஷூ உருகிக்கொண்டிருந்தது. "அண்ணனுக்கு அம்புட்டுக் குளிரு!" என்று எல்லாரும் சிரிக்க, நானும் சேர்ந்து சிரித்தேன். பார்ட்டியை ஏரிக்கரையில் இறக்கிவிட்டு, தனியாக ஷூவைக் கழற்றினேன். சாக்ஸ் தோலோடு ஒட்டியிருந்தது. கட்டை விரலும் அடுத்த விரலும் கொப்புளித்திருந்தன. தொட்டுப் பார்த்தேன், அழுத்தியும் பார்த்தேன். வலிக்கவே இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

பயம் வந்தவன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். நான் மருந்துக் கடைக்குப் போய்க் களிம்பு வாங்கினேன். வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து கட்டுப் போடுவேன், சாக்ஸை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். கொடைக்கானலில் ஒருவன் வீட்டுக்குள் ஏன் சாக்ஸோடு திரிகிறான் என்று யாரும் கேட்பதில்லை. பொங்கல் கூட்டம் கழியட்டும், காலும் அதுவரைக்கும் தாங்கட்டும் என்று பதினைந்து நாள் ஓட்டினேன்.

ஒரு நாள் காலையில் மனைவி கட்டிலுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். "எலி எதுவும் செத்துக் கெடக்கா பாருங்க, ரெண்டு நாளா ஒரு வாடை" என்றாள். நான் போர்வையைக் காலுக்கு இழுத்து மூடிக்கொண்டேன். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. போர்வையை விலக்கி என் சாக்ஸை உருவினாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் திட்டியிருக்கலாம்.

"வெரசாக் கெளம்புங்க" என்றாள்.

"எட்டு மணிக்குப் பார்ட்டி நிக்கும். இந்த ஒரு ட்ரிப்ப மட்டும் முடிச்சிட்டு..."

சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். லாட்ஜ் வாசலுக்கு அவளே போய், இன்றைக்கு வண்டி வராது என்று பார்ட்டியிடம் சொல்லிவிட்டு வந்தாள். ஸ்டாண்டில் இன்னொருவர் வண்டியில் எங்களை மதுரைக்கு அனுப்பினார்கள். அந்த மலைப்பாதையில் நான் பின் சீட்டில் உட்கார்ந்து இறங்கியது அதுதான் முதல் தடவை.

டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாகக் கால் மரத்துப் போயிருக்கிறது என்றார். ரெண்டு வருஷம் இருக்கும் என்றேன். என்ன வேலை என்றார். சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு எப்படி பிரேக் போட்டீங்க?"

யோசித்துப் பார்த்தேன். கால் எங்கே இருக்கிறது என்று கால் எனக்குச் சொல்லவில்லைதான். இன்ஜின் சத்தம் சொன்னது, வண்டி குனிகிற குனிவு சொன்னது. அவ்வளவு கொண்டை ஊசி வளைவுகளிலும் காதை வைத்தே ஓட்டியிருக்கிறேன். பின்னால் எத்தனை குடும்பங்கள் வாய் பிளந்து தூங்கிக்கொண்டு வந்தன! அன்று எனக்கு விரல் போகப்போகிற கவலையைவிட அந்த நினைப்புதான் பெரிதாக இருந்தது.

இரண்டு விரலும் போயின. பாதம் மிஞ்சியதே பெரிது என்றார்கள். வண்டியைப் பற்றி நான் கேட்டபோது, சர்க்கரை கட்டுக்குள் நின்று உள்ளங்காலில் உணர்ச்சி திரும்பினால் பார்க்கலாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள், அதுவரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். எனக்கு வேறு சோலி எதுவும் தெரியாது. அந்த மூன்று மாதத்தைத்தான் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

இப்போது மாத்திரையும் சாப்பாடும் கடிகாரம் பார்த்து நடக்கின்றன. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நர்ஸ் என் மனைவிக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுத்திருந்தார். காலையில் என்னைக் கண்ணை மூடச் சொல்வாள். பஞ்சைத் திரித்து உள்ளங்காலில் ஏதாவது ஓரிடத்தில் தொடுவாள். தெரிந்தால் நான் உடனே சொல்ல வேண்டும். முதல் மாதம் ஒன்றுமே தெரியவில்லை, அவள் முகம் நாளுக்கு நாள் சிறுத்தது. இரண்டாம் மாதம், "இப்ப" என்று சொல்ல ஆரம்பித்தேன். பத்துக்கு ஏழெட்டு சரியாக இருந்தது. அவளும் கிளாவரைக்குப் போன் போட்டு, இவருக்கு உணர்ச்சி வருது என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

டாக்டரிடம் போவதற்கு முந்தின நாளும் எதிரே உட்கார்ந்து, கண்ணை மூடச் சொன்னாள். மூடினேன்.

"இப்ப" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே மறுபடியும் சொன்னேன்.

"இப்ப. லேசாத்தான் இருக்கு, ஆனா நல்லாத் தெரியுது."

"இன்னும் நான் தொடவே இல்லைங்க" என்றாள். "வளையலத்தான் ஆட்டுனேன்."