எல்லாருமே பார்ட்னர்

என் அத்தானுக்கு யாரையும் மனம் நோகச் செய்யத் தெரியாது. தொழில் தொடங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய கண்டம் கிடையாது.

யோசனை என்னவோ நல்லதுதான். எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு ஒரு டிரில்லிங் மெஷின் பரணில் தூங்குகிறது. எப்போதோ ஒரு ஓட்டை போட ஆளுக்கு ஒன்று எதற்கு? ஏணி, மெஷின், ரம்பம் எல்லாவற்றையும் ஓர் இடத்தில் சேர்த்து வாடகைக்கு விடலாம் என்றார் அத்தான். அதற்காகத் தன் அண்ணனின் குழாய்க் கடை வேலையையும் விட்டார். பணம் போட யோசிக்கும் ஓர் அம்மாள் நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் உதட்டைப் பிதுக்கினால், அத்தான் மறுபடியும் அண்ணன் கடைக்கே போய், "வந்துட்டாரு தொழிலதிபர்" என்று ஆயுசுக்கும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஊர் ஆதரவு வேண்டுமே என்று கதவு கதவாகத் தட்டினார். ஏணி கொடுத்தவரை "நீங்களும் பார்ட்னர்" என்றார். வண்டி நிறுத்துமிடத்தில் மூலை ஒதுக்கிய செயலாளர் பார்ட்னர். துருப்பிடித்த ஸ்பானர் கொடுத்த பல் டாக்டர் பார்ட்னர். அறிவுரை மட்டும் கொடுத்த ரிடயர்டு ஹெட்மாஸ்டரும் பார்ட்னர். லிப்டில் நோட்டீஸ் ஒட்டிய நான் மார்க்கெட்டிங் பார்ட்னர். அக்கா மட்டும் இந்தக் கூத்தில் என்னை இழுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டாள்.

அந்த அம்மாள் வந்தார். பேச்சில் படு சிக்கனம். நாற்காலி போதாமல் பார்ட்னர்கள் சுவரோரம் நெருக்கியடித்து நின்றார்கள். அத்தான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, இங்கே யார் யார் பார்ட்னர் என்றார். அறை முழுக்கக் கை. ஹெட்மாஸ்டர் பெருமையில் இரண்டு கையையும் தூக்கினார். சரி, யார் யார் வாடகை கொடுத்து எடுப்பீர்கள் என்றார். அத்தனை கையும் இறங்கிவிட்டது. பார்ட்னரிடமே வாடகை கேட்பது முறையா என்று பல் டாக்டர் நியாயம் வேறு பேசினார்.

"எல்லாரும் பல்லக்குல ஏறிட்டா தூக்குறது யாரு?" என்றார் அந்த அம்மாள்.

அப்போது பின்வரிசையிலிருந்து அக்கா கையைத் தூக்கினாள். "நான் காசு குடுத்து எடுப்பேன். நான் பார்ட்னர் இல்ல."

இந்தக் கம்பெனிக்கு இருக்கிற ஒரே கஸ்டமர் இவர்தான், மற்றவர்களும் இப்படி மாறினால் பணம் போடுகிறேன், காபி குடித்துவிட்டு வருவதற்குள் முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் எழுந்து போனார்.

பிறகென்ன, வரிசையில் நின்று ராஜினாமா செய்தோம். செயலாளர் பிரியாவிடை உரையே ஆற்றினார். ஹெட்மாஸ்டர் ஒவ்வொருவர் கையையும் பிடித்து விடைபெற்றார். சொன்னால் வெட்கம், எனக்கும் கண் கலங்கிவிட்டது. பதவி போனதுதான் தாமதம், ஞாயிற்றுக்கிழமை ஏணி யாருக்கு என்று மாஜி பார்ட்னர்களுக்குள் சண்டை மூண்டது. காபி குடித்துவிட்டு வந்தவர் அந்தச் சண்டையைக் கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்தார். அத்தானின் கையைக் குலுக்கி, சம்மதம் என்றார்.

எல்லாரும் போனபின் அத்தான் மேஜை முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். அக்கா ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டாள்.

"அத்தனை பேர்ல ஒருத்தியா நிக்க எனக்கு இஷ்டமில்ல" என்றாள். "இப்ப என்னைச் சேத்துக்குங்க."